உயர்ந்த பானெட்: பழைய ஜீப்புகளுக்குள் பெரிய எஞ்சின் புகுந்த வரலாறு

இரண்டாம் உலகப் போரைப் பற்றிய திரைப்படங்களில் ஓடும் ஜீப்பையும், நம் ஊர்த் தாசில்தார் அலுவலக வாசலிலும் காவல் நிலைய வாசலிலும் நெடுங்காலம் நின்றிருந்த மகேந்திரா ஜீப்பையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு வேறுபாடு உடனே கண்ணில் பட்டிருக்கும். போர்க்கால ஜீப்புக்குத் தாழ்ந்த, தட்டையான முகம். நம்மூர் ஜீப்புக்கோ நெற்றி மேடு. முகப்பு விளக்குகளுக்கு மேல் சில அங்குலம் தகரம் கூடுதலாக எழும்பி, அதன்மேல் பானெட் உட்கார்ந்திருக்கும். வண்டியின் மற்ற பாகங்கள் பழைய அளவிலேயே இருக்க, முன்பகுதி மட்டும் நிமிர்ந்து நிற்கும். இதில் அழகுணர்ச்சிக்கு எந்தப் பங்கும் இல்லை. உள்ளே வைத்த புதிய எஞ்சின் பழையதைவிட உயரமாக இருந்தது, மூடி மூடவில்லை, மூடியை உயர்த்தினார்கள். அவ்வளவுதான்.

நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகளின் வரலாற்றைப் பெரும்பாலும் போர்க்களங்களை வைத்தும் பாலைவனப் பயணங்களை வைத்துமே எழுதியிருக்கிறார்கள். அவற்றின் உடம்பை வைத்தும் எழுதலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒரு கோயிலின் மண்டபத் தூண்களைப் பார்த்து இது மூலக் கட்டுமானம், இது பிற்காலச் சேர்க்கை என்று தொல்லியல் அறிந்தவர்கள் சொல்வதைப்போல, இந்த வண்டிகளில் ஓர் இடத்தில் நான்கு அங்குலம் கூடியிருக்கிறது, வேறோர் இடத்தில் இரண்டு அங்குலம் நீண்டிருக்கிறது என்றால், அங்கே ஒரு பெரிய எஞ்சின் சிறிய அறைக்குள் புகுந்திருக்கிறது என்று பொருள். அப்படிப் புகுந்தபோது வேறு எது முறிந்தது என்பதுதான் இக்கதையில் சுவையான பகுதி.

*

ஜீப்பின் முதல் திறனேற்றம் ஜீப் பிறப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. அமெரிக்காவின் டொலிடோ நகரில் இருந்த வில்லிஸ்-ஓவர்லேண்ட் நிறுவனம் 1930களின் இறுதியில் நலிந்த நிலையில் இருந்தது. அதன் மலிவு விலைக் காரில் இருந்த நான்கு சிலிண்டர் எஞ்சின் 2.2 லிட்டர் கொள்ளளவு கொண்டது. 48 குதிரைத்திறன் தந்தது. நீண்ட நேரம் விரட்டினால் தாங்காது. ஸ்டூட்பேக்கரில் தலைமைப் பொறியாளராக இருந்தவரும், பார்னி ரூஸ் என்று அறியப்பட்டவருமான டெல்மர் ரூஸ் 1938இல் வில்லிஸுக்கு வந்தார். புதிய எஞ்சின் வடிவமைக்க நிறுவனத்திடம் பணம் இல்லை. ஆகவே இருந்ததையே எடுத்துத் திருத்தத் தொடங்கினார். சிலிண்டரின் குறுக்களவையோ பிஸ்டனின் வீச்சையோ மாற்றவில்லை. பாகங்களுக்கு இடையிலான இடைவெளிகளை நுணுக்கமாக்கினார். உறுதியான உலோகக் கலவைகளைப் பயன்படுத்தினார். அலுமினியப் பிஸ்டன்கள் வந்தன. ஃப்ளைவீலின் எடை குறைந்தது. மணிக்கணக்கில் உச்சச் சுழற்சியில் ஓடவிட்டு, எது உடைகிறதோ அதைச் சரிசெய்து, மீண்டும் ஓடவிட்டு உடைத்துப் பார்க்கும் முறை அவருடையது. முடிவில் அதே கொள்ளளவில் 60 குதிரைத்திறன் வந்தது. 'கோ டெவில்' என்ற பெயர் அதற்குப் பின்னர் அமைந்தது.

1940இல் அமெரிக்க ராணுவம் ஓர் இலகு உளவு வண்டிக்கு அழைப்பு விடுத்தபோது முதலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது வில்லிஸ் அல்ல. பென்சில்வேனியாவின் பட்லர் நகரைச் சேர்ந்த பேண்டம் என்னும் சிறு நிறுவனம். கார்ல் ப்ரோப்ஸ்ட் என்ற வடிவமைப்பாளர் வரைந்த அந்த வண்டி 1940 செப்டம்பர் 23 அன்று மேரிலாந்தின் ஹோலபேர்ட் முகாமை அடைந்தது. ஜீப்பின் உருவம் அங்கேயே ஏறத்தாழ முடிவாகிவிட்டது. வில்லிஸும் ஃபோர்டும் பேண்டத்தின் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு நவம்பரில் தத்தம் வண்டிகளைக் கொண்டுவந்தன. ராணுவம் கேட்டிருந்த முறுக்குவிசை 85 பவுண்டு-அடி. பேண்டத்தின் எஞ்சின் அந்த எல்லைக்கோட்டை ஒட்டியே நின்றது. ஃபோர்டு தன் டிராக்டர் எஞ்சினைத் தழுவிய ஒன்றை வைத்திருந்தது, அதுவும் போதவில்லை. ரூஸின் எஞ்சினோ 105 தந்தது. சேற்றிலும் மேட்டிலும் அந்த வேறுபாட்டை அதிகாரிகள் உட்கார்ந்தே உணர்ந்திருப்பார்கள்.

ஆனால் அந்த எஞ்சின் கனமானது. ராணுவம் முதலில் விதித்த 1,300 பவுண்டு எடையில் இப்படி ஒரு வண்டியை யாராலும் செய்ய முடியாது என்பது தெளிவானதும் வரம்பு 2,160 பவுண்டாக உயர்ந்தது. வில்லிஸ் வண்டி அதையும் தாண்டி நின்றது. எஞ்சினை மாற்று, அல்லது எடையைக் குறை என்ற இரண்டே வழிகள். ரூஸ் எஞ்சினைத் தொடவில்லை. வண்டியை முழுவதுமாகக் கழற்றிப் போட்டு, துண்டு துண்டாக எடைபோட்டார்கள். தேவைக்குமேல் நீண்டிருந்த போல்ட்டுகளின் நுனிகளை வெட்டினார்கள். பெயின்ட்டைக்கூட ஒரே பூச்சோடு நிறுத்தினார்கள் என்று சொல்வதுண்டு. 1941இல் பெரும் ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போனது. ஃபோர்டும் பின்னர் ஜீப் செய்தது. ஆனால் வில்லிஸின் வரைபடப்படி, வில்லிஸின் எஞ்சினையே செய்து பொருத்த வேண்டியிருந்தது. முதலில் வரைந்த பேண்டத்துக்குக் கிடைத்தது இழுவை டிரெய்லர் செய்யும் வேலை. ஜீப்பின் கதையில் எனக்கு இன்றும் ஆறாத இடம் இதுதான். ஒரு வண்டியின் உருவத்தைக் கண்டவர்கள் தோற்றார்கள். அதற்குள் நல்ல எஞ்சினை வைத்தவர்கள் வென்றார்கள்.

போர் முடிந்தபின் அதே எஞ்சினோடு வில்லிஸ் உழவர்களுக்கான ஜீப்பை விற்கத் தொடங்கியது. கோ டெவிலில் இரண்டு வால்வுகளுமே சிலிண்டருக்குப் பக்கவாட்டில், பிளாக்கிலேயே இருந்தன. எளிமையான அமைப்பு, ஆனால் காற்றும் பெட்ரோல் ஆவியும் வளைந்து நெளிந்து உள்ளே வரவேண்டும். எஞ்சினுக்கு மூச்சு முட்டும். 1950இல் வில்லிஸ் கண்ட வழி, உள்வாங்கும் வால்வை மட்டும் மேலே தலைப்பகுதிக்கு ஏற்றுவது. வெளியேற்றும் வால்வு பழைய இடத்திலேயே இருந்தது. உள்வால்வைப் பெரிதாக்க முடிந்தது, மூச்சு சீரானது, திறன் எழுபதைத் தாண்டியது. 'ஹரிக்கேன்' என்று பெயரிட்டார்கள். பிளாக் பெருமளவுக்கு அதே, கொள்ளளவும் அதே. ஆனால் தலை உயர்ந்துவிட்டது. பானெட் மூடவில்லை.

ராணுவத்துக்கென்று அந்த எஞ்சினைச் சுற்றி முகட்டை வளைத்துப் புது உடல் ஒன்றைச் செய்தார்கள். அதுவே பின்னர் சிஜே-5 என்ற பொதுமக்கள் ஜீப்பாகி 1983 வரை வந்தது. இடைக்கால ஏற்பாடாக, பழைய உடலிலேயே பானெட்டையும் முன் தட்டியையும் உயர்த்தி 1953இல் ஒரு ஜீப்பை வெளியிட்டார்கள். சிஜே-3பி. அழகிலி என்று அமெரிக்கர்கள் முகம் சுளித்த வண்டி அது. ஆனால் ஒட்டுவேலைக்குக் கிடைத்த ஆயுள் அசலுக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 1968 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. ஜப்பானில் மிட்சுபிஷி உரிமம் பெற்று அதன் வழிவந்த வண்டிகளை 1998 வரை செய்தது. இந்தியாவில் மகேந்திரா 2010 வரை. தாசில்தார் அலுவலக வாசலில் நின்றது அதுதான்.

*

லேண்ட் ரோவரின் தொடக்கமே ஓர் எஞ்சின் மாற்றம்தான். ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் இருந்த தம் பண்ணையில் போர் மிச்சமான ஜீப் ஒன்றை வைத்திருந்தார். 1947இல் ரோவர் பொறியாளர்கள் செய்த முதல் மாதிரி வண்டி, ஜீப்பின் சேஸிஸ் மீது ரோவர் காரின் எஞ்சினைத் தூக்கி வைத்தது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த லேண்ட் ரோவரில் 1.6 லிட்டர் எஞ்சின், 50 குதிரைத்திறன். உள்வால்வு மேலே, வெளிவால்வு பக்கவாட்டில் என்ற அதே கலப்பு அமைப்பு. வில்லிஸுக்கு இரண்டு ஆண்டு முன்பே ரோவர் அதைத் தன் வண்டிகளில் கொண்டுவந்திருந்தது.

அதன்பின் வளர்ச்சி மெதுவானது. 1950களின் தொடக்கத்தில் 2 லிட்டர். திறன் பெயரளவுக்குத்தான் கூடியது, கீழ்ச்சுழற்சி இழுவை மேம்பட்டது. டீசல் எஞ்சின் வந்தபோதுதான் உடம்பில் தழும்பு விழுந்தது. 1957இல் சந்தைக்கு வந்த அந்த டீசலை வைக்க முன்னறை போதவில்லை. 86 அங்குலமாகவும் 107 அங்குலமாகவும் இருந்த சக்கர இடைவெளிகளை அதற்கு முந்தைய ஆண்டே முன்பக்கமாக இரண்டு அங்குலம் நீட்டி 88, 109 என்று ஆக்கியிருந்தார்கள். எண்பத்தெட்டு, நூற்றொன்பது என்ற இந்த எண்களைப் பழைய லேண்ட் ரோவர் பித்தர்கள் மந்திரம்போலச் சொல்வார்கள். டீசலுக்காகப் போட்ட முடிச்சு என்பது அவர்களில் பலருக்கு நினைவில் இராது. 1958இல் வந்த 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் எழுபதுக்குச் சற்று மேலான திறனோடு கால் நூற்றாண்டுக்கு மேல் இந்த வண்டியின் குணத்தை நிர்ணயித்தது. அவசரப்படாது, நிற்காது.

இத்தகைய நிதானமான குடும்பத்துக்குள் ஓர் அமெரிக்க வி8 எப்படி வந்து சேர்ந்தது?

*

ஜெனரல் மோட்டார்ஸின் ப்யூயிக் பிரிவு 1961 மாதிரி ஆண்டுக்கு ஓர் அலுமினிய வி8 எஞ்சினைக் கொண்டுவந்தது. 215 கன அங்குலம், அதாவது மூன்றரை லிட்டர். 150 குதிரைத்திறனுக்கு மேல் தந்த அந்த எஞ்சினின் எடை ஏறத்தாழ 145 கிலோதான். அக்கால இரும்பு வி8களை நினைத்தால் இது விந்தை. ஆனால் விந்தைக்கு விலை இருந்தது. இரும்பு லைனர்களை அச்சிலேயே வைத்து, சுற்றிலும் அலுமினியத்தை வார்க்கும் முறையில் நுண்துளை விழுந்த பிளாக்குகள் ஏராளமாகக் கழிவாயின. அன்று புழக்கத்தில் இருந்த உறைவுத் தடுப்புத் திரவங்கள் அலுமினியத்தோடு ஒத்துப்போகாமல் ரேடியேட்டர்கள் அடைத்துக்கொண்டன. இதற்கிடையில் மெல்லிய சுவர்களோடு இரும்பை வார்க்கும் கலை தேர்ச்சி பெற்றது. கொஞ்சம் எடை கூடினாலும் மிக மலிவாக ஒரு வி8 கிடைத்தது. 1963க்குப் பிறகு ப்யூயிக் அலுமினிய எஞ்சினைக் கைவிட்டது. சந்தையில் தோற்ற எஞ்சின் என்று இதைச் சொல்வது பாதி உண்மைதான். அந்த மூன்று ஆண்டுகளில் பல லட்சம் கார்களில் ஏறிய எஞ்சின் அது. கணக்குப் பார்த்துக் கைவிட்ட எஞ்சின் என்பதே சரி. (இதன் ஓல்ட்ஸ்மொபைல் வகைப் பிளாக்கை அடிப்படையாக வைத்து ஆஸ்திரேலியாவின் ரெப்கோ நிறுவனம் செய்த பந்தய எஞ்சினோடுதான் ஜாக் பிராபம் 1966இல் உலகப் பட்டம் வென்றார்.)

ரோவரின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் அமெரிக்கா சென்றிருந்தபோது, விஸ்கான்சின் மாநிலத்தின் ஃபாண்ட் டு லாக் நகரில் உள்ள மெர்க்குரி மரைன் என்ற படகு எஞ்சின் நிறுவனத்துக்குப் போனார். ரோவரின் எஞ்சின்களை அவர்களுக்கு விற்க முடியுமா என்பதே பேச்சு. அங்கே பட்டறையில், படகில் வைப்பதற்காக ஒரு காரிலிருந்து கழற்றிய ப்யூயிக் வி8 கிடந்தது. விற்கப் போனவர் வாங்கும் எண்ணத்தோடு திரும்பினார். அளந்து பார்த்ததில் ரோவரின் நான்கு சிலிண்டர் எஞ்சின் இருந்த இடத்திலேயே அது அடங்கிவிடும் என்று தெரிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் முதலில் இதைப் பொருட்படுத்தவில்லை. தாங்கள் கைவிட்ட எஞ்சினை இங்கிலாந்தில் ஒருவர் கேட்கிறார் என்பதை நம்ப அவர்களுக்குச் சற்றுக் காலம் பிடித்தது. 1965 ஜனவரியில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. ப்யூயிக்கில் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த பொறியாளர் ஜோ டர்லே இங்கிலாந்துக்கே வந்து ஆலோசகராக இருந்தார். வரைபடங்களில் இல்லாத விஷயங்கள் எப்போதும் ஒரு மனிதரின் தலைக்குள்தான் இருக்கின்றன.

ரோவர் வார்ப்பு முறையை மாற்றியது. மணல் அச்சில் பிளாக்கை வார்த்து, லைனர்களைப் பின்னர் அழுத்திச் செருகினார்கள். 1967இலும் 1968இலும் ரோவரின் இரண்டு கார்களில் அது ஏறியது. 1970 ஜூனில் ரேஞ்ச் ரோவர்.

ரேஞ்ச் ரோவரைப் பற்றி எழுதுவோர் அதன் சொகுசையே பாடுவார்கள். எனக்கு அதில் வியப்பூட்டுவது வேறு. ஸ்பென் கிங்கும் கார்டன் பாஷ்ஃபோர்டும் அதை உருவாக்கும்போது எதிர்கொண்ட இடர் இதுதான்: பழைய லேண்ட் ரோவரில் சாதாரணச் சாலையில் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும், சேறு வந்தால் நெம்புகோலைத் தள்ளி முன்சக்கரங்களைச் சேர்ப்பார்கள். வி8இன் முறுக்குவிசை முழுவதையும் பின் ஆக்சில் ஒன்றே தாங்க வேண்டுமென்றால் அந்த ஆக்சில் மிகக் கனமாக இருக்கவேண்டும். கனமான ஆக்சில் சாலையில் குதிக்கும், சொகுசு போய்விடும். ஆகவே நான்கு சக்கரங்களும் எந்நேரமும் இழுக்குமாறு, நடுவில் இன்னொரு டிஃபரன்ஷியலோடு அமைத்தார்கள். சுமை இரண்டாகப் பிரிந்தது, ஆக்சில்கள் இலகுவாயின. பிற்காலத்தில் பாதுகாப்பு அம்சமென்று விளம்பரங்கள் புகழ்ந்த நிரந்தர நான்கு சக்கர இழுவை, தொடக்கத்தில் ஒரு வலிய எஞ்சினிடமிருந்து ஆக்சிலைக் காப்பாற்ற எடுத்த முன்னெச்சரிக்கை.

அந்த முன்னெச்சரிக்கைக்கும் எல்லை இருந்தது. 1971 டிசம்பரில் அலாஸ்காவில் தொடங்கி அமெரிக்கக் கண்டங்களின் தென்கோடி வரை போன பிரிட்டிஷ் பயணக்குழு, ஜான் பிளாஷ்ஃபோர்டு-ஸ்னெல் தலைமையில் இரண்டு ரேஞ்ச் ரோவர்களோடு டாரியன் சதுப்புக்காட்டுக்குள் நுழைந்தது. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையில் சாலையே இல்லாத பகுதி. சதுப்புக்கென்று பெரிய டயர்களை மாட்டியிருந்தார்கள். வண்டிகளில் அளவுக்கு மீறிய சுமை. வேர்களுக்கும் சேற்றுக்கும் இடையில் டயர் சிக்கிக்கொள்ள, எஞ்சின் விடாமல் முறுக்க, டிஃபரன்ஷியல்கள் வெடித்தன. ஒன்றல்ல, திரும்பத் திரும்ப. இங்கிலாந்திலிருந்து மாற்றுப் பாகங்கள் விமானத்தில் வந்து சேரும்வரை குழு காட்டில் காத்திருந்தது. அந்த இடைவெளியில் வழி பார்க்க அவர்கள் பனாமாவில் பழைய லேண்ட் ரோவர் ஒன்றை விலைக்கு வாங்கினார்கள். எழுபது சொச்சம் குதிரைத்திறன் கொண்ட அந்தக் கிழட்டு வண்டி முன்னால் போய்ப் பாதை காட்டியது. டாரியனைக் கடக்க ஏறத்தாழ நூறு நாட்கள் ஆயின.

*

ப்யூயிக் அந்த அலுமினிய வி8இலிருந்து இன்னொரு பிள்ளையையும் பெற்றிருந்தது. மலிவான கார் ஒன்றுக்காக, அதே அளவுகளைத் தழுவி, இரண்டு சிலிண்டர்களைக் குறைத்து, இரும்பில் வார்த்த வி6. 1962 மாதிரி ஆண்டில் வந்த அது அமெரிக்கக் கார்களில் பெருந்தொகையில் உற்பத்தியான முதல் வி6. வி8க்கான 90 பாகை கோணத்திலேயே ஆறு சிலிண்டர்களை வைத்ததால் வெடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி சீராக இல்லை. நின்ற இடத்தில் ஓடும்போது குலுங்கும். காரில் உட்காருபவர் முகம் சுளிப்பார். ஜீப்பில் உட்காருபவருக்கு அது ஒரு பொருட்டில்லை.

சிஜே-5 ஜீப்பில் அப்போதும் ஹரிக்கேன்தான், 75 குதிரைத்திறன். வட்டாரப் பட்டறைகளில் பலர் தம் ஜீப்புகளில் பெரிய கார்களின் வி8களைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். வில்லிஸை வாங்கியிருந்த கைசர் நிறுவனம் 1965இல் ப்யூயிக்கிடமிருந்து வி6ஐ வாங்கி, 'டான்ட்லெஸ்' என்று பெயரிட்டு, தானே ஜீப்பில் வைத்து விற்றது. 3.7 லிட்டர், 160 குதிரைத்திறன். ஒரே பாய்ச்சலில் இரண்டு மடங்குக்கு மேல். வாங்குவோர் பலரும் அதைக் கேட்டார்கள். 1967இல் ப்யூயிக் வி6 செய்வதை நிறுத்திக்கொண்டு, எந்திரத் தளவாடங்களையும் கைசருக்கே விற்றுவிட்டது.

1970இல் ஜீப் நிறுவனம் அமெரிக்கன் மோட்டார்ஸ் கைக்குப் போனது. அவர்களிடம் சொந்தமாக நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்தது, வி6ஐ ஓரங்கட்டினார்கள். நேர்வரிசை எஞ்சின் நீளமானது. 1972 மாதிரியில் சிஜே-5 இன் முன்பகுதி ஏறத்தாழ மூன்று அங்குலம் நீண்டது. சொலிஹல்லில் டீசலுக்காக நடந்ததே டொலிடோவில் மீண்டும் நடந்தது.

1973இன் எண்ணெய் நெருக்கடி வந்தது. சிக்கனமான எஞ்சினுக்கு அமெரிக்கா முழுவதும் தவிப்பு. ப்யூயிக் பொறியாளர்கள் தாங்கள் விற்றுவிட்ட வி6ஐ நினைத்துக்கொண்டார்கள். 1974இல் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தத் தளவாடங்களை அமெரிக்கன் மோட்டார்ஸிடமிருந்து திரும்ப வாங்கியது. ஃப்ளின்ட் நகரில் உற்பத்தி மறுபடி தொடங்கி, 1977இல் குலுக்கலைத் தீர்த்து, அந்த எஞ்சினின் வழித்தோன்றல்கள் 2008 வரை வந்தன. அண்ணன் இங்கிலாந்தில் 2004 வரை ரோவர் கார்களிலும் லேண்ட் ரோவர்களிலும் ஓடினான். நான்கு சக்கர வண்டிகளின் இரண்டு பெருங்குடிகளும் ஒரே வீட்டார் வேண்டாமென்று ஒதுக்கிய பிள்ளைகளைத் தத்தெடுத்தே வலிமை பெற்றன என்பது எங்கும் அழுத்திச் சொல்லப்படாத செய்தி.

*

ரேஞ்ச் ரோவருக்கு வி8 கிடைத்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகே உழைக்கும் லேண்ட் ரோவருக்கு அது கிடைத்தது. 1979இல் வந்த அந்த 109 அங்குல வண்டியை ஸ்டேஜ் ஒன் என்பார்கள். ரேஞ்ச் ரோவரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் உள்ளே வைக்க, குழிந்திருந்த முன் தட்டியை இருபுறச் சிறகுகளுக்குச் சமமாக முன்னால் இழுத்துவிட்டார்கள். இன்னொரு கல்வெட்டு. ஆனால் ரேஞ்ச் ரோவரில் 135 குதிரைத்திறன் தந்த அதே எஞ்சின் இங்கே 91 மட்டுமே தந்தது. கார்புரேட்டர் வழியில் வேண்டுமென்றே மூச்சைப் பிடித்துவைத்திருந்தார்கள். வாங்கியவர்கள் பலர் இதை ஏமாற்று என்றே கருதினார்கள். அந்தத் தடையை நீக்குவதே பலரின் முதல் வேலையாக இருந்தது. நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருந்தது என்பேன். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்; கீழே பட்டை ஸ்பிரிங்; காற்றைக் கிழிக்காமல் முட்டித் தள்ளும் செவ்வக முகம். இத்தகைய வண்டியை நூறு மைலில் ஓடவிட்டால் நிறுத்துவது எப்படி?

இந்தக் கேள்வியைப் பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் பின்னாலேயே கேட்டுக்கொண்டார்கள். விபத்தில் அடிபட்ட ரோவர் காரிலிருந்து வி8ஐக் கழற்றிப் பழைய லேண்ட் ரோவரில் வைப்பது 1970களிலும் 80களிலும் இங்கிலாந்தில் பரவலான பொழுதுபோக்கு. எஞ்சினை உட்கார வைப்பது எளிய பகுதி. அதன்பின் ஒவ்வொன்றாக வரும். முதலில் பின் ஆக்சிலின் ஷாஃப்ட் முறியும். அதை வலுவாக்கினால் டிஃபரன்ஷியல் பற்கள் நொறுங்கும். அதையும் மாற்றினால் கியர்பாக்ஸ் முனகும். பழைய லேண்ட் ரோவரின் ஆக்சில் விகிதம் 4.7, எஞ்சின் கதறும், வண்டி ஐம்பது மைலைத் தாண்டாது. ரேஞ்ச் ரோவரின் 3.54 விகித டிஃபரன்ஷியலை வைத்தால் வேகம் கூடும். கூடவே பிரேக்கை நினைக்க வேண்டிவரும். பத்து அங்குலம், பதினொரு அங்குல டிரம்கள் ஒரு நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடிப்பிழப்பதை ஒருமுறை அனுபவித்தவர்கள் எஞ்சின் திறனைப் பற்றிப் பேசும் தொனியே மாறிவிடும்.

1989இல் டிஸ்கவரி என்ற புது வண்டியோடு 2.5 லிட்டர் டர்போ டீசல் ஒன்று வந்தது. 111 குதிரைத்திறன். பழைய 2.25 டீசலின் திறனோ 62தான். இந்தப் புதிய எஞ்சின் அந்தப் பழையதன் வழியில் வந்தது என்பதால் பழைய கியர்பாக்ஸோடு பெரிய மாற்றங்கள் இன்றியே இணைந்துகொண்டது. சில ஆண்டுகளில் டிஸ்கவரிகளின் உடல்கள் துருப்பிடித்து உதிரத் தொடங்கின. எஞ்சின்கள் நலமாக இருந்தன. பேரனின் இதயம் தாத்தாவின் நெஞ்சுக்குப் போனது. வி8 பித்து அடங்கி, டீசல் மாற்றமே வழக்கமாயிற்று. அதே காலத்தில் வி8ஐ நிறுவனம் 4.6 லிட்டர் வரை விரித்துக்கொண்டிருந்தது. சுவர்கள் மெலிந்து, லைனருக்குப் பின்னால் பிளாக்கில் கீறல் விழுந்து, தண்ணீர் கசிவது அவ்வகை எஞ்சின்களின் அறியப்பட்ட நோயானது. 1961இல் ப்யூயிக் வார்ப்பாலையில் கழிவுக் குவியலை வளர்த்த அலுமினிய வார்ப்புச் சிக்கல், முப்பது ஆண்டு கழித்து வேறு வடிவில் எட்டிப் பார்த்தது.

*

இத்தனை மாற்றங்களுக்குப் பிறகு அது அதே வண்டிதானா என்பது தத்துவவாதிகளின் கேள்வி மட்டும் அல்ல. பதிவு அலுவலகத்தின் கேள்வியும்கூட. பிரிட்டனில் பல்லாண்டுகள் பின்பற்றிய கணக்கின்படி, உருமாற்றிய வண்டி தன் பழைய பதிவெண்ணைத் தக்கவைத்துக்கொள்ள எட்டுப் புள்ளிகள் வேண்டும். மாறாத சேஸிஸுக்கு ஐந்து. ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. நம் நாட்டின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமோ 52ஆம் பிரிவில் இதைக் கடுமையாகவே பார்க்கிறது. பதிவுச் சான்றிதழில் சேஸிஸ் எண்ணுக்கு அருகிலேயே எஞ்சின் எண்ணும் இருக்கும். உற்பத்தியாளர் தந்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் வலியுறுத்தியது.

ஆனால் உற்பத்தியாளரே மாற்றினால் தடையில்லை அல்லவா? மகேந்திரா அதைத்தான் செய்தது. அமெரிக்காவில் வேகத்துக்காகவும் இங்கிலாந்தில் இழுவைக்காகவும் நடந்த எஞ்சின் மாற்றம், இங்கே பெட்ரோல் விலைக்காக நடந்தது. ஹரிக்கேன் நன்றாகவே இழுத்தது, நன்றாகவே குடித்தது. மகேந்திராவின் டிராக்டர் தொழிலின் வழியே டீசல் எஞ்சின்கள் ஜீப்புக்குள் வந்தன. 1980களில் பிரான்ஸின் பூஜோ நிறுவனத்தின் டீசல், முதலில் 2.1 லிட்டர், பின்னர் 2.5 லிட்டர். பின்னதன் திறனும் எழுபது சொச்சம்தான், கிட்டத்தட்ட ஹரிக்கேனின் அளவே. முப்பது ஆண்டுக்குமேல் கழிந்தும் எண் அசையவில்லை. பம்பில் கொடுக்கும் காசு குறைந்தது, அதற்கே வாங்கினார்கள். இந்த டீசல்களில் எதற்காகவும் பானெட்டை மறுபடி வரைய வேண்டிய அவசியம் எழவில்லை. 1953இல் ஹரிக்கேனுக்காக டொலிடோவில் உயர்த்திய அதே நெற்றியோடு, அந்த எஞ்சினே இல்லாமல், வண்டிகள் ஆலையை விட்டு வெளிவந்துகொண்டிருந்தன.